முதுகுக்குள் ஒரு நீர்க்கட்டி

இந்த ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் நான் பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்துப் பலர் ஆச்சரியப்பட்டார்கள். "என்ன சார், டிஸ்க் ஆபரேஷன் ஆனதாகக் கேள்விப்பட்டோமே!" என்று விசாரித்தார்கள். எனக்கு நடந்தது டிஸ்க் ஆபரேஷன் அல்ல என்றதும், "அப்படியானால் வேறு என்ன?" என்பது அடுத்த கேள்வி. ரசம் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமாக அது இல்லை. "கட்டுரையாகவே எழுதிக் கொடுத்துவிடுங்களேன்" என்றார் நம் மலர் ஆசிரியர். எழுதிவிட்டேன்.

நான் மருத்துவன் அல்லன். திருச்சியில் சிவில் டிப்ளமா முடித்து, 1980-ல் ரயில்வேயில் சேர்ந்து, இட்டார்சி - நாக்பூர் மார்க்கத்தில் ரயில் பாதைப் பராமரிப்பிலேயே 38 ஆண்டுகள் கழித்து, 2018-ல் ஓய்வு பெற்றவன். நோயாளியாக இருந்து பட்டதையும், டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் மட்டுமே இங்கே சொல்கிறேன்.

வலி வந்த விதம்

2022-ஆம் ஆண்டு மழைக்காலம். மாலையில் அம்பாசரி ஏரிக்கரையில் நடப்பது என் வழக்கம். ஒருநாள் இருநூறு அடி நடப்பதற்குள் இடது காலில், தொடையின் வெளிப்பக்கம் தொடங்கிக் கெண்டைக்கால் வழியாகப் பாதத்தின் மேற்புறம் வரை ஓர் எரிச்சல். கூடவே மரத்துப்போன மாதிரி ஓர் உணர்வு. பெஞ்சில் உட்கார்ந்து குனிந்தேன். இரண்டு நிமிடத்தில் வலி போய்விட்டது. எழுந்து நடந்தால் மீண்டும் அதே கதை.

இதில் ஒரு வேடிக்கை. சைக்கிளில் போனால் வலி இல்லை. காய்கறிப் பையை ஹேண்டில்பாரில் மாட்டிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குனிந்து நடந்தாலும் வலி இல்லை. கையை வீசி நிமிர்ந்து நடந்தால் மட்டும் வலி. "உங்களுக்கு நடக்கச் சோம்பல்" என்று வீட்டில் கேலி செய்தார்கள்.

எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். இடுப்புக்கு பெல்ட் கட்டினேன். மெத்தையை எடுத்துவிட்டுப் பலகையில் படுத்தேன். ஒரு பயில்வானிடம் போய் மாலிஷ் செய்துகொண்டேன். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை மூன்று மாதம் விழுங்கினேன். வயிற்று எரிச்சல் வந்ததுதான் மிச்சம். எக்ஸ்ரே எடுத்தார்கள். "வயதான தேய்மானம்" என்று வந்தது. வயது ஆகிவிட்டது, அவ்வளவுதான் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

பல மாதங்கள் இப்படியே போயின. ஒருநாள் என் மனைவி கேட்டாள்: "உங்க இடது செருப்பு மட்டும் ஏன் டப் டப்புன்னு சத்தம் போடுது?" கவனித்துப் பார்த்தேன். உண்மைதான். இடது பாதத்தின் முன்பகுதியை என்னால் சரியாகத் தூக்க முடியவில்லை. அது தரையில் அடித்துக்கொண்டிருந்தது. வண்டி ஓடும் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் தேய்மானம் என்று சொல்லிப் பழகிய எனக்கு, என் சொந்தக் காலின் சத்தம் காதில் விழவில்லை. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

எம்.ஆர்.ஐ. சொன்னது

நரம்பியல் அறுவை நிபுணர் ஒருவரிடம் போனோம். அவர் முதலில் என் பாதத்தின் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்த்தார். காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருந்தாலும் நடக்கும்போது வலிக்கும். ஆனால் அந்த வலி சைக்கிள் மிதித்தாலும் வரும், சும்மா நின்றாலே குறைந்துவிடும் என்றார். நரம்பு நசுங்குவதால் வரும் வலி அப்படியல்ல. நின்றால் போகாது. உட்கார வேண்டும், அல்லது குனிய வேண்டும். குனியும்போது முதுகெலும்பின் உள்ளே உள்ள வழி சற்று அகலமாகிறது, நிமிரும்போது குறுகுகிறது. என் சைக்கிள் புதிருக்கு விடை கிடைத்தது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே, இடது பக்கம், 11 மில்லிமீட்டர் அளவில் ஒரு நீர்க்கட்டி. அது நரம்பைப் பின்னாலிருந்து அழுத்திக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் பெரிய கோளாறு எதுவும் இல்லை.

இது எப்படி உண்டாகிறது?

நம் முதுகெலும்பில் கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று அசையக்கூடிய 24 முள்ளெலும்புகள் உண்டு. அதற்கும் கீழே ஐந்து எலும்புகள் ஒன்றாக இணைந்த 'சேக்ரம்', கடைசியில் வால் எலும்பு. இந்த எலும்புகளின் நடுவே ஒரு குகைப்பாதை போல ஓடும் வழியில்தான் தண்டுவடம் இறங்குகிறது. தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்போடு முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரை வால் போலத் தனித்தனி நரம்புகளாகப் பிரிந்து கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகின்றன.

அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளை மூன்று இடங்கள் இணைக்கின்றன. முன்பக்கம் ஒரு டிஸ்க். பின்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு சிறு மூட்டுகள். இவற்றுக்கு 'ஃபேசெட் மூட்டு' என்று பெயர். டிஸ்க்கைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். இந்தப் பின் மூட்டுகளைப் பற்றி எனக்கு 64 வயது வரை தெரியாது. இவையும் முழங்கால் மூட்டைப் போலத்தான். உள்ளே வழவழப்பான திரவம், அதைச் சுற்றி மெல்லிய சவ்வு, அதற்கு மேல் உறை. வயது ஏற ஏற மூட்டு தேய்கிறது; சற்றே ஆட்டம் காண்கிறது. அப்போது உறையின் பலவீனமான இடத்தில் சவ்வு பிதுங்கி, திரவம் நிறைந்த சிறு பையாக வெளியே வருகிறது. இதற்கு 'சைனோவியல் நீர்க்கட்டி' என்று பெயர். வெளிப்பக்கம் பிதுங்கினால் பெரிய தொந்தரவு இல்லை. உட்பக்கம், அதாவது நரம்புகள் போகும் வழிக்குள் பிதுங்கினால்தான் சங்கடம். இடுப்புப் பகுதியில் அந்த வழி முன்னிருந்து பின்னாக 15 மில்லிமீட்டரோ அதற்குச் சற்று மேலோதான் இருக்கும். அதற்குள் 11 மில்லிமீட்டர் கட்டி வந்து உட்கார்ந்தால் நரம்புக்கு ஏது இடம்?

இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையே அசைவும் சுமையும் அதிகம். அதனால் இந்தக் கட்டி பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. அறுபதை ஒட்டியவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும்தான் மிகுதியாக வருகிறது. டிஸ்க் பிதுங்கினாலும் இது பிதுங்கினாலும் காலில் தெரியும் வலி ஒன்று போலத்தான் இருக்கும். டிஸ்க் முன்னாலிருந்து அழுத்துகிறது, இது பின்னாலிருந்து அழுத்துகிறது. சாதாரண எக்ஸ்ரேயில் இந்தக் கட்டி தெரியாது. எம்.ஆர்.ஐ.யில்தான் நன்றாகத் தெரியும்.

டாக்டர் இதை விளக்கியபோது எனக்கு உடனே பேத்தூல் பக்கத்து மழைக்காலம் நினைவுக்கு வந்தது. இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் அடியிலுள்ள ஜல்லி இறுக்கம் இழந்துவிட்டால், ஒவ்வொரு சக்கரம் ஏறும்போதும் ஸ்லீப்பர் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தில் அடியிலிருந்து சேறு பிதுங்கி மேலே வரும். 'பம்பிங்' என்போம். சேற்றை மட்டும் வாரிப் போட்டால் நாலு நாளில் மறுபடி வரும். ஏனென்றால் கோளாறு சேற்றில் இல்லை, ஆட்டத்தில் இருக்கிறது. முதுகிலும் கட்டி என்பது இந்தச் சேறு மாதிரிதான். அதனால்தான் டாக்டர் கட்டியை மட்டும் பார்க்காமல், மூட்டு எவ்வளவு ஆடுகிறது என்பதையும் பார்க்கிறார். என்னை முன்னால் குனியச் சொல்லி ஒன்று, பின்னால் வளையச் சொல்லி ஒன்று என்று எக்ஸ்ரே எடுத்தது இதற்காகத்தான்.

என்ன வைத்தியம்?

எனக்கு மூன்று வழிகள் சொன்னார்கள். வலி பொறுக்கும் அளவில் இருந்து, காலில் பலவீனமும் இல்லாவிட்டால், மருந்தும் பிசியோதெரபியுமாகச் சில வாரங்கள் பார்க்கலாம். அபூர்வமாகக் கட்டி தானே சுருங்கிவிடுவதும் உண்டு. இரண்டாவது, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே அந்த மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவது. சில சமயம் கட்டியையே உடைத்துவிடுவது. இதில் சிலருக்கு நீண்டகாலம் குணம் கிடைக்கிறது, சிலருக்கு மறுபடி நிரம்பிவிடுகிறது. மூன்றாவது ஆபரேஷன். எலும்பில் சிறிய பகுதியை எடுத்து வழி செய்து, கட்டியை நரம்பின் உறையிலிருந்து பிரித்து எடுப்பது. மூட்டு அதிகமாக ஆடினால், திருகு வைத்து எலும்புகளை இணைக்கவும் வேண்டியிருக்கும்.

எனக்குப் பலவீனம் அப்போது லேசாகத்தான் இருந்தது. ஆபரேஷன் என்ற சொல்லுக்குப் பயந்து ஊசியைத் தேர்ந்தெடுத்தேன். வாராவாரம் பாதத்தின் பலத்தைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு டாக்டர் சம்மதித்தார். ஏழு வாரம் சுகமாக இருந்தது. எட்டாவது வாரம் வலி திரும்பியது. கட்டைவிரலைத் தூக்கவே முடியாமல் போயிற்று. இனிமேல் தள்ளிப்போட்டால் நரம்பு நிரந்தரமாகக் கெட்டுவிடலாம் என்றார் டாக்டர். 2023 அக்டோபரில் ஆபரேஷன் நடந்தது. மூட்டு அதிகம் ஆடாததால் திருகு எதுவும் வைக்கவில்லை. மறுநாளே நடக்க வைத்தார்கள். கால் எரிச்சல் அன்றிரவே போய்விட்டது. ஆனால் கட்டைவிரலுக்குப் பலம் வர ஐந்து மாதம் ஆயிற்று. பாதத்தின் மேல் ஒரு ரூபாய் அளவு இடம் இன்றும் மரத்தே இருக்கிறது. மனைவி கேட்பதற்கு முந்தைய அத்தனை மாதங்களையும் நான் வீணாக்கியதற்கு அந்த ஒரு ரூபாய் அபராதம் என்று வைத்துக்கொண்டேன்.

எல்லாக் கட்டியும் ஒன்றல்ல

என் கதையைப் படித்துவிட்டு, ரிப்போர்ட்டில் 'சிஸ்ட்' என்ற சொல்லைப் பார்த்ததும் ஆபரேஷனுக்கு ஓடிவிடாதீர்கள். அதற்கு என் மைத்துனியின் கதையைச் சொல்ல வேண்டும்.

பிலாயில் இருக்கும் என் மனைவியின் தங்கைக்கு வயது 48. இடுப்பு வலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்தார். ரிப்போர்ட் வாங்கப் போன இடத்தில் அங்கிருந்த பணியாள், "முதுகில் காண்ட் இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். இந்தியில் 'காண்ட்' என்றால் முடிச்சும்தான், நீர்க்கட்டியும்தான், புற்றுநோய்க் கட்டியும்தான். தமிழிலும் நாம் எல்லாவற்றையும் 'கட்டி' என்றுதானே சொல்கிறோம்? இரவு பதினோரு மணிக்கு போன் வந்தது. "அத்தான், பிள்ளைகள் படிப்புகூட முடியலையே" என்று அழுதார். அன்று இரவு எங்கள் வீட்டிலும் யாரும் தூங்கவில்லை.

மறுவாரம் ரிப்போர்ட்டோடு இங்கே வரவழைத்து டாக்டரிடம் காட்டினோம். அது 'டார்லோவ் நீர்க்கட்டி'. இசடோர் டார்லோவ் என்ற மருத்துவர் 1938-ல் முதன்முதலாக விவரித்தது. சேக்ரம் எலும்புப் பகுதியில் நரம்பு வேரின் உறைக்குள் மூளைத் தண்டுவடத் திரவம் தேங்கிச் சிறு பை போல ஆகிறது. இது புற்றுநோய் அல்ல. பெண்களுக்குச் சற்று அதிகம். வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தென்படுவதுதான் பெரும்பாலும். பலருக்கு இது இருப்பதே தெரியாமல் வாழ்நாள் முடிந்துவிடும். மைத்துனியின் வலி இருந்த இடமும் கட்டி இருந்த நரம்பு போகும் இடமும் பொருந்தவே இல்லை. நாள் முழுவதும் குனிந்து தையல் மிஷினில் வேலை செய்ததால் வந்த தசை வலி அது. உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். நாலு மாதத்தில் வலி போய்விட்டது. கட்டி அங்கேயே இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை.

சிலருக்கு டார்லோவ் கட்டியும் தொல்லை தருவதுண்டு. உட்கார்ந்தால் அதிகமாகும் வலி, பிறப்புறுப்பைச் சுற்றி எரிச்சல், சிறுநீர் கழிப்பதில் மாற்றம் என்று வந்தால், இதில் அனுபவமுள்ள நிபுணரிடம்தான் காட்ட வேண்டும். ஊசியால் உறிஞ்சி எடுத்தால் மீண்டும் நிரம்பிவிடும் தன்மை இதற்கு உண்டு. இவை தவிர, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறையில் வரும் 'அரக்னாய்டு' நீர்க்கட்டி பெரும்பாலும் மார்புப் பகுதியில் வருவது. அது அபூர்வம்.

நம் நாட்டில் மறக்கக்கூடாத இன்னொன்று முதுகெலும்புக் காசநோய். இது நீர்க்கட்டி அல்ல, ஆனால் எலும்பை அரித்துச் சீழ் சேர்ந்து நரம்பை அழுத்தும். முதுகுவலியோடு மாலைக் காய்ச்சல், உடல் இளைப்பு, பசியின்மை இருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது; அரசாங்கத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆக, ஸ்கேன் படம் மட்டும் நோயைச் சொல்லிவிடாது. படத்தில் இருப்பதும் காலில் தெரிவதும் ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும். பொருந்தியதால் எனக்கு ஆபரேஷன். பொருந்தாததால் மைத்துனிக்கு வெறும் உடற்பயிற்சி.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

இது நம்மைப் போல வெளிமாநிலத்தில் இருப்பவர்களுக்கு முக்கியம். ஊரிலிருந்து வந்து மகனோடு தங்கியிருக்கும் அம்மாவுக்கு இந்தி தெரியாது. "கால் குடையுது, பாதம் மரத்துப் போகுது, சுரீர்னு இழுக்குது" என்று அவர் மூன்று விஷயம் சொல்வார். மகன் அவசரத்தில் டாக்டரிடம் "பைர் மே தர்த் ஹை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவான். நோயைக் கண்டுபிடிக்க உதவும் மூன்று தடயங்களும் அங்கேயே தொலைந்துவிடும். மரத்துப்போவதற்கு 'சுன்', ஊசி குத்துவது போன்ற உணர்வுக்கு 'ஜுன்ஜுனி', எரிச்சலுக்கு 'ஜலன்' என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். வலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை விரலால் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் நடந்தால் வருகிறது, குனிந்தால் குறைகிறதா, செருப்பு தானாகக் கழல்கிறதா என்று வீட்டிலேயே கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். ரிப்போர்ட் காகிதத்தை மட்டுமன்றி ஸ்கேன் படங்களையும் எடுத்துச் செல்லுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. என் வலிக்கு இந்தக் கட்டிதான் காரணமா? மூட்டு ஆடுகிறதா? காத்திருந்தால் என்ன ஆகும், எதைக் கவனிக்க வேண்டும்?

காத்திருக்கக் கூடாத சமயங்களும் உண்டு. உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, மலம் அடங்காமல் போவது, இரண்டு கால்களும் திடீரென்று பலமிழப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே, இரவானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். குதிரை வால் நரம்புகள் நசுங்குவதன் அடையாளம் இது. இதில் மணிக்கணக்கு முக்கியம். பாதம் தூக்க முடியாமல் போனாலும் நாள் கடத்தாதீர்கள்.

மாலிஷைப் பற்றி ஒரு வார்த்தை. தசைப்பிடிப்புக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதில் தவறில்லை. காலில் மரப்போ பலவீனமோ இருக்கும்போது முதுகில் ஏறி மிதிப்பது, சொடுக்கு எடுப்பது எல்லாம் வேண்டாம். வலி மாத்திரையையும் டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் சாப்பிடாதீர்கள். வயிறும் சிறுநீரகமும் கெடும்.

நான் இப்போது தினமும் ஏரிக்கரையில் மூன்று கிலோமீட்டர் நடக்கிறேன். மனைவி பக்கத்தில் நடந்தபடி செருப்புச் சத்தத்தைக் கவனித்துக்கொண்டே வருகிறாள். சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிறு மாலை சங்க நூலகத்தில் என்னைப் பார்க்கலாம். மருந்து சொல்ல மாட்டேன். டாக்டரிடம் சொல்ல வேண்டியதை வரிசையாக எழுதிக்கொள்ள உதவுவேன். அடுத்த பொங்கல் பந்தியில் உங்கள் வீட்டுப் பெரியவர்களும் என்னோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதே என் ஆசை.